மாப்ளைக்குக் கரண்டு பில் பாடம்

வா மாப்ள, உக்காரு. தாத்தா வீட்டுக்குக் குடிபோயி, கரண்டு பில்லு கட்டுற அளவுக்குப் பெரிய மனுசன் ஆயிட்டியாம்ல. உங்க அத்தை சொன்னா.

எங்க காலத்துல ஈபி ஆபீஸ்ல ஒரு ஜன்னல், அதுக்கு முன்னால ஒரு வரிசை. அந்த வரிசையில நின்னு திரும்பினா எந்தத் தீப்பெட்டி ஆபீஸ்ல கூலி ஏறியிருக்கு, எவன் எவனுக்குப் பொண்ணு பாக்கான்னு திருத்தங்கல் முழுக்கத் தெரிஞ்சிரும். இப்பவும் ஜன்னல் இருக்கு. போஸ்ட் ஆபீஸ்ல கட்டலாம், இ-சேவை மையத்துல கட்டலாம், பேங்க்ல சொல்லி வச்சா தானா எடுத்துக்குவான். எடுக்குறதுக்கு அங்க ஏதாவது கெடக்கணும், அது வேற விசயம்.

நீ ஜிபே, ஃபோன்பேன்னு அமுக்குற ஆளு. அமுக்கும்போது சர்வீஸ் நம்பரை நிதானமா பாத்துத் தொலைக்காத. வேகமா அமுக்கு. எவன் வீட்டு ஃபேனோ நம்ம காசுல ஓடட்டும், புண்ணியம்தான. பணம் போறதுக்கு முன்னால ஒரு பேரு காட்டுவான் பாரு, அதுல செத்துப்போன உங்க தாத்தா பேரு வந்தா பயந்துராத. அதான் சரியான நம்பரு. பேரு மாத்த உங்கப்பனுக்கு இன்னும் நேரம் வாய்க்கலை.

ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட்டைக் கட் பண்றோம், உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு மெசேஜ் வந்தா ஓடிப்போயிக் கூப்பிடு. 2022-ல ஊரெல்லாம் சுத்துன மெசேஜ் அது. நம்பாதீங்கன்னு ஈபிக்காரங்களே தொண்டை கிழியச் சொன்னாங்க. நம்ம லைன்மேன் என்னிக்குடே மணி குறிச்சுச் சொல்லிட்டு வந்திருக்காரு? சோறு பொங்குற நேரமா பாத்து வந்து பீஸைப் பிடுங்கிட்டுப் போயிருவாரு.

பகல் பூரா கரண்டு பல்பு ஒண்ணுகூட இல்லாத ரூம்ல, சூரிய வெளிச்சத்துல பட்டாசு மருந்து வேலை பாக்குறவன் நீ. பொழுது சாஞ்சு வீட்டுக்கு வந்தா மூணு ரூம்லயும் லைட்டை எரியவிட்டு வாசல்ல உக்காந்து ஃபோன் பாக்குற. நல்லா எரியவிடு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு சும்மான்னு 2016-லயே ஆக்கிட்டான். 500-ஐத் தாண்டுறதுதான் மாப்ள வீரம். 2022-ல போட்ட ரேட்டுப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூவா. 501 ஆச்சுன்னா 1,958. அந்த ஒத்தை யூனிட்டு 233 ரூவா! 100-லருந்து 200 வரைக்கும் பாதி ரேட்டுதான் போட்டிருப்பான். 500-ஐத் தாண்டிட்டா அந்தச் சலுகையைப் பிடுங்கிட்டு முழு ரேட்டு போட்டுருவான். 2024-ல ரேட்டு இன்னும் ஏறிப்போச்சு. அதனால மாசம் முடியப்போகுதேன்னு மீட்டரை எட்டிப் பாக்குற கெட்ட பழக்கமெல்லாம் வச்சிக்கிறாத.

இன்னொண்ணு. உனக்குக் கூலி வாராவாரம். பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்க. தீவாளி முடிஞ்சதும் பட்டாசு ஆபீஸைப் பூட்டிருவாங்க, கையில ஓட்டமிருக்காது. அந்நேரம் பாத்துத்தான் ரீடிங் எடுக்க ஆள் வரும். போனஸ் வாங்குன கையோட ஈபியில முன்பணம் கட்டிட்டா வர்ற பில்லுல தானா கழிச்சுக்குவான். ஆனா அதுல என்ன சந்தோசம் இருக்கு? நீ பைக்குக்கு அட்வான்ஸ் குடு. கார்த்திகை மாசம் பைக்கை அடகு வச்சுப் பில்லு கட்டு. சிவகாசியில வட்டிக்குக் குடுக்குறவனும் பிழைக்கணும்ல.

கரண்ட்டை நீயே காய்ச்சிக்கிடலாம்னும் ஒரு வழி வந்திருக்கு. மாடியில மூணு கிலோவாட்டுக்குத் தகடு போட்டா 78,000 ரூவா மானியம்னு 2024-ல டெல்லிக்காரங்க அறிவிச்சாங்க. விருதுநகர் ஜில்லா வெயிலுக்கு ஆளே கருகுறான், தகடு சும்மாவா இருக்கும்? உங்க அத்தை வத்தல் காயப்போட இடம் விடுவாளான்னு மட்டும் கேட்டுக்கிடணும்.

ரீடிங் எடுத்த நாள்லருந்து 20 நாள் தவணை இருக்கு. ரெண்டாம் நாளே கட்டுறவன் அவசரக்குடுக்கை. 20-ஆம் நாள் சாயங்காலம் வரைக்கும் நம்ம காசு நம்ம மடியில தூங்கணும். என் தவணை இன்னிக்குத்தான் முடியுது. ஃபோன்ல சார்ஜ் இருக்கா மாப்ள? நம்பரைச் சொல்றேன், அமுக்கு. என் பேருதான் வருதான்னு ரெண்டு தடவ பாத்துக்கோ. காசு சனிக்கிழமை தாரேன்.