பத்தாவது பிள்ளை

மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்கு நன்றாக எண்ணத் தெரியும். ஒரு தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. ஒன்பது பேர் இருந்தால்? அவை ஆட்டுக்குட்டிகள் போலும். பத்தாவது பிள்ளை பிறந்து ஏழு வயதாகும்வரை மற்ற ஒன்பதும் கித்தாக் காட்டில் ஆத்தாவின் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கலாம். பத்தும் தேறிவிட்டால் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். வாத்தியார் பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அப்பனை அதட்டிய அதே தொண்டை, பிறகு மகனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது. மகன் அ, ஆவைக் கற்றானோ இல்லையோ, அந்தத் தொண்டைக்குப் பயப்படக் கற்றான்.

கோல சிலாங்கூரில் தென்னமரம் என்று ஒரு தோட்டம். பெயர் தமிழ், பயிர் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை தொடங்கியது. துரை மலாயாவைப் பற்றி நாவலும் எழுதி, 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். தோட்ட வாழ்க்கை இலக்கியமாகாது என்று யார் சொன்னது? மண்வெட்டி பிடித்தவன் கையில் பேனா இல்லை, அவ்வளவுதான். பத்துப் பிள்ளைக் கணக்கின் விளைச்சல்.

ஆனாலும் அந்தக் கைநாட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1941இல் பக்கத்துக் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, பிள்ளைக்கு ஒழுங்கான படிப்புக் கொடு, கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்கள்மேல் கை வைக்காதே, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் பிறக்க அப்போது இன்னும் ஏழு வருடம். முந்திக்கொண்டது தப்பல்லவா? தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது.

அது வெள்ளைக்காரன் காலம். நம்மவர்கள் நாசூக்கானவர்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். பெஸ்தாரி என்றால் அறிவில் சிறந்தது. பரீட்சை எழுதாமலே ஊருக்குப் பட்டம்! அந்த வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் தோட்டத்துக் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுக்கு மேல் மனுப் போட்டுக் கொண்டிருந்தன. 2023இல்தான் மேலிடத்துக்குக் காது கேட்டது. முதல் மனுவின்போது ஒன்றாம் ஆண்டில் இருந்த பிள்ளைக்கு அதற்குள் தலையில் நரை எட்டிப் பார்த்திருக்கும்.

1995இல் மலேசியா குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேரும்போதே, இவையெல்லாம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சில விதிகளை ஒதுக்கி வைத்தது. அவற்றில் ஒன்று 28ஆம் விதியின் முதல் உட்பிரிவு: ஆரம்பக் கல்வி எல்லாருக்கும் கட்டாயம், எல்லாருக்கும் இலவசம். 2003 முதல் கட்டாயம் வந்துவிட்டது. 2010இல் வேறு சில ஒதுக்கல்களைக் கைவிட்டபோதும் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தகுதியுள்ளவர்களுக்குத்தான் உதவி தருகிறோமே என்பது விளக்கம். சரிதான். உரிமை என்றால் வாங்குகிறவன் நிமிர்ந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான், வைபி என்ற மக்கள் பிரதிநிதிக்கு என்ன லாபம்? உதவி என்றால் மேடை உண்டு, பதாகை உண்டு, மாலை உண்டு. ஒரு புத்தகப் பையை எட்டுக் கைகள் பிடித்திருக்கும். ஒன்பதாவதாக, பிள்ளையின் கை.

அதே கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறினால் பளிச்சென்று படம் எடுக்கக்கூடாது. பூச்சிக்குக் கூசுமாம், படகுக்காரர் திட்டுவார். பை வாங்கும் பிள்ளையை மட்டும், கண்ணைச் சிமிட்டிவிட்டது என்று, மறுபடியும் நிற்க வைத்து இன்னொரு படம் எடுக்கிறார்கள்.