கோணமலையில் கமரா மாற்றம்: பரபக்கமும் சுபக்கமும்

திருக்கோணமலையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் துறைமுகத்தின் ஆழத்தில் தொடங்கி, கோணேசர் கோயிலின் பழமையைத் தொட்டு, சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களையும் எண்ணிக் காட்டிவிட்டு ஓய்ந்துபோகிறார்கள். இவ்வூர் ஆண்களில் ஒரு பகுதியினர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கமரா மாற்றுவது ஏன் என்ற வினா அவர்களின் கண்ணில் படவேயில்லை. மலை அதே மலை. கோட்டைக்குள் திரியும் மான் அதே மான், அல்லது அதன் பேரன். கடல் அன்றுபோலவே கிழக்கே கிடக்கிறது. கமரா மட்டும் மாறுகிறது. இந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு முறை சைவ சித்தாந்திகளிடம் கடன் வாங்கியது. பிறர் கொள்கையை எடுத்து வைத்து மறுப்பது பரபக்கம். தன் கொள்கையை நாட்டுவது சுபக்கம். அளவைகளும் அவர்கள் வகுத்த மூன்றே: காண்டல், கருதல், உரை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் புதிய கமராவைப் பார்ப்பது காண்டல். அது தன் கழுத்தில் தொங்கினால் எப்படியிருக்கும் என்று எண்ணுவது கருதல். யூடியூபில் முன்பின் தெரியாத ஒருவர் அதை வாங்கச் சொல்வது உரை. மூன்றில் உரையே வலியது என்பதைக் களத்தில் கண்டோம்.

ஆய்வு எல்லை பிரெட்ரிக் கோட்டை, டச்சு விரிகுடா, உட்துறைமுக வீதி, உவர்மலை ஆகியவையும், திமிங்கிலம் பார்க்கப் படகு போகும் கடலும். பெண்களிடம் இந்நோய்க்குறி தென்படாததால் அவர்கள் ஆய்வில் நடுவர்களாக மட்டுமே வருகிறார்கள்.

பரபக்கத்தில் முதலில் எழுந்து நிற்பவர் பிக்சல்வாதி. எண் பெரிதானால் படம் பெரிது என்பது இவர் மதம். இதன் ஆதி 1975. கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அப்போது செய்த டிஜிட்டல் கமராவில் நூற்றுக்கு நூறு, ஆக 10,000 புள்ளிகள் இருந்தன. ஒரு மெகாபிக்சலில் நூறில் ஒரு பங்கு. எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கசெற் நாடாவில் பதிய 23 வினாடி பிடித்தது. கோட்டை மானைப் படம் எடுக்க இன்றைக்கும் அந்த வேகம் தாராளம். ஆனால் அதைப் பிறகு பார்ப்போம்.

2003இல் வந்த கெனன் 300டி 6.3 மெகாபிக்சல். 2023இல் வந்த ஆர்50 24.2. "நாலு மடங்கு!" என்று பிக்சல்வாதி மேசையில் தட்டுவார். பரப்பில் நாலு மடங்கு என்பது மெய். அகலத்தில் 3,072 புள்ளி 6,000 ஆகியிருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுவரில் மாட்டும் படத்தின் அகலத்தை இரட்டிப்பாக்க மனித குலம் இருபது ஆண்டு உழைத்திருக்கிறது. அதையும் மாட்டச் சுவர் வேண்டும். உவர்மலை வீடுகளில் சுவரின் நல்ல பகுதியைச் சாமிப் படங்களும், மீதியைக் காலமான தாத்தாவும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அல்பத்துக்குப் போகும் ஆறுக்கு நாலு அங்குலப் பிரதிக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கைநிறைய அள்ளி வைத்தாலும், 1,800ஐ 1,200ஆல் பெருக்கினால் 21.6 இலட்சம் புள்ளிதான். இரண்டு மெகாபிக்சல் சொச்சம். மிச்சமுள்ள இருபத்திரண்டும் ஹார்ட் டிஸ்க்கில் படுத்துக்கிடக்கின்றன. ரொறன்ரோ சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ, போகிற வழியிலேயே படம் சுருங்கிவிடுகிறது. சித்தப்பா கைத்தொலைபேசியில் பார்த்து, "வடிவா இருக்கு" என்கிறார். பழைய கமராப் படத்துக்கும் அவர் அதையேதான் சொன்னவர்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. 2010 முதல் 2013 வரை கெனன் வெளியிட்ட 550டி, 600டி, 650டி, 700டி ஆகிய நான்கும் 18 மெகாபிக்சலே. இந்த நான்கையும் வரிசையாக மாற்றி வந்தவர் எவராவது இருந்தால் அவரைப் பிக்சல்வாதியாகக் கொள்ள இடமில்லை. பயன் கருதாது கருமம் செய்தவர் அவர். கீதைக்கு உரை எழுதுவோர் அவரைத் தேடிப் போகலாம்.

அடுத்தவர் வேகவாதி. "பழையது பிடிக்கமுதல் ஓடிவிடுகிறது" என்பது இவர் முறைப்பாடு. எது ஓடிவிடுகிறது என்று கேட்பது ஆய்வாளன் கடமை. இம்மாவட்டத்தில் படம் எடுக்கத் தக்க உயிர்கள் இரண்டு: கோட்டைக்குள் திரியும் புள்ளிமான், கோடைக்காலத்தில் கரையோர ஆழ்கடலுக்கு வரும் நீலத் திமிங்கிலம்.

மான் ஓடுவதில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தபடி நிற்கும். இல்லாவிட்டால் நடந்து வரும். சாதாரண 18-55 லென்ஸ் கூர்மையாகக் காட்ட ஏறக்குறைய 25 சென்றிமீற்றர் இடைவெளி வேண்டும். மான் அந்த எல்லைக்கும் உள்ளே வந்து லென்ஸை முகர்ந்து பார்க்கிறது. 2019 வாக்கில் விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி கமராக்களில் வரத் தொடங்கியபோது, செய்தவர்கள் முதலில் எண்ணிப் பார்த்தது நாயையும் பூனையையும்தான். கோணமலை மானுக்கு அது தேவைப்படாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

திமிங்கிலத்தின் நியாயம் வேறு. திருக்கோணமலைக்கு முன்னால் கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலிருந்தே இறங்குகிறது. அதனால்தான் இந்தப் பேருயிர் நமது வாசலுக்கு வருகிறது. இருபது மீற்றருக்கு மேற்பட்ட உடம்பு. பெருமூச்சு விடும்போது நீர்த்தூண் வீட்டுக் கூரைக்கு மேல் எழும். சில முறை மூச்சு விட்டு, வாலைத் தூக்கிக் காட்டி, கீழே போனால் பத்து நிமிடமாவது அமைதி. படகில் இருப்பவர் ஒரு கையால் கம்பியையும், மறு கையால் தொப்பியையும் பிடித்திருக்கிறார். கமராவுக்குக் கை இல்லை. 550டி வினாடிக்கு 3.7 படம் எடுத்தது. புதியவை பத்துக்கு மேல் எடுக்கின்றன. ஆக, முன்பு திமிங்கிலம் போன பிறகு கடலை மூன்று தடவை எடுத்தவர், இப்போது அதே கடலைப் பதினைந்து தடவை எடுக்கிறார். பதினைந்தையும் வீட்டில் பொறுமையாகப் பார்த்து, அலை நல்லதாக விழுந்த ஒன்றைத் தெரிந்தெடுக்கிறார். மானுக்குப் புதிய கமரா மிகை. திமிங்கிலத்துக்கு எந்தக் கமராவும் குறை. இரண்டுக்கும் நடுவே வேகவாதி நிற்க இடமில்லை.

தோற்கும் தறுவாயில் அவர் ஒரு சான்று காட்டுவார்: முதல் டிஜிட்டல் கமராவைச் செய்த கொடாக் நிறுவனம் படச்சுருளை விட மனமின்றி இருந்து 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது, மாற்றத்துக்குத் தயங்கினால் இதுதான் கதி. இந்த வாதத்தை உவர்மலையில் ஒரு குடும்பத் தலைவர் தம் வீட்டில் முன்வைத்ததாகவும், "உங்களுக்கும் கொடாக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று நடுவர் கேட்டதாகவும் அறிகிறோம்.

இருட்டுவாதிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். இரவில் பழைய கமராப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி விழுந்தது உண்மை. புதியவை இருட்டில் நன்றாகப் பார்க்கின்றன. ஆனால் அவை அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்ட அதே ஆண்டுகளில் பத்திரகாளி அம்மன் திருவிழா முதல் பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் வரை எல்இடி விளக்குகள் கண்ணைப் பறிக்கத் தொடங்கிவிட்டன. இருட்டில் பார்க்கும் கமரா வந்தது, இருட்டுத்தான் போய்விட்டது.

கொஞ்சம் கனமான எதிராளி சாமத்திய வீட்டுப் படப்பிடிப்பாளர். இவருக்கு இது தொழில், ஆகவே பகிடி செய்வது பாவம். சடங்கு பேச வரும் தாய்மாமன் அல்பம் பார்க்கமுதல் கமராவைப் பார்க்கிறார். அது பெரிதாகவும் கறுப்பாகவும் புதியதாகவும் இருந்தால் முற்பணம் கைமாறும். இந்த அளவில் வாதம் நிற்கும். சிக்கல் பிறகு வருகிறது. புதிய கமரா பெரியம்மாவின் முகத்திலுள்ள ஒவ்வொரு வரியையும், பூசிய பவுடர் எங்கே முடிகிறது என்பதையும் உள்ளபடி காட்டுகிறது. பெரியம்மா படத்தைப் பார்த்து, "தம்பி, என்ர முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கி, வழவழப்பா விடுங்கோ" என்கிறார். தம்பி விடிய விடியக் கணினி முன் இருந்து, இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய தெளிவை முகம் முகமாக அழிக்கிறார். அழித்து முடிந்ததும் படம் எப்படி இருக்கிறதென்றால், 300டியில் எடுத்தது போலவே இருக்கிறது. தெளிவுக்கு ஒரு விலை, தெளிவை நீக்க ஒரு கூலி என்று இரு வருமானம் தரும் இத்தொழிலைப் பொருளியலாளர் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

இனி, எந்தப் பக்கத்தாராலும் மறுக்கப்படாத தடை ஒன்று உண்டு. அது வீட்டுக்குள்ளிருந்து வருகிறது: "பழசு வேலை செய்யுதுதானே?" இவ்வளவுதான் வாக்கியம். இதற்கு நேர் விடை சொன்னவரை யாம் காணவில்லை. சொன்னவை எல்லாம் சுற்று விடைகள். அவற்றுள் தலையாயது, "இப்ப வாங்காட்டி இனி வாங்கேலாது" என்பது. இந்த ஒரு விடைக்கு மட்டும் வரலாறு துணை நின்றது. 2022 மார்ச்சில் ரூபாயை மத்திய வங்கி கைவிட்டபோது, 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முதல் வாங்கியவர்கள் திடீரென்று தீர்க்கதரிசிகளானார்கள். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த நாட்களிலும், "நான் அப்பவே சொன்னன்தானே" என்று சொல்லத் தவறவில்லை. நடுவர் பதில் சொல்லாமல் வரிசையில் தன் இடத்தைப் பார்த்துக்கொண்டார்.

கமரா மாறினால் அதோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிக்கொன் 1959 முதல் வைத்திருந்த லென்ஸ் பூட்டையும், கெனன் 1987 முதல் வைத்திருந்ததையும் 2018இல் புதிய வகைக் கமராக்களுக்காக மாற்றிவிட்டன. பழைய லென்ஸ் புதியதில் ஏற இடையில் ஒரு வளையம் வேண்டும். புதிய கமராவின் கோப்பைப் பழைய மென்பொருள் திறக்காது. புதிய மென்பொருளைப் பழைய கணினி ஏற்காது. புதிய கணினிக்கு மேசை போதாது. கமராவில் தொடங்கிய ஒருவர் தச்சரிடம் போய் முடிகிறார்.

இவ்வாறு பரபக்கம் ஒழிந்தது. சுபக்கம் கூறுவாம்.

கமராவுக்கு வயது இரண்டு வகை. ஒன்று, ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்ற உடல் வயது. நடுத்தரக் கமரா ஒன்று இலட்சம் முறையளவு தாங்கும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். மற்றது, பக்கத்தில் நிற்பவரின் கமராவைப் பொறுத்த வயது. முதலாவது வயதால் இவ்வூரில் இறந்த கமரா அரிது. டச்சு விரிகுடாவில் விடியற்காலை மூன்று பேர் சூரியனுக்காகக் காத்து நிற்கிறார்கள். நாலாமவர் புதிய கமராவோடு வருகிறார். சூரியன் எழமுதலே மூன்று கமராக்கள் கிழடாகிவிடுகின்றன. அன்று மாலை உட்துறைமுக வீதியில் அதே சூரியன் மறையும்போது (இரு புறமும் நீர் உள்ள ஊரில் ஒரே நாளில் உதயமும் மறைவும் கடலிலே பார்க்கலாம் என்பது நமது தனிச்சிறப்பு) மூவரும் விலை விசாரித்து முடித்திருப்பார்கள். ஆக, கமராவை முதுமையாக்குவது காலமன்று, அயலவர்.

இக்கொள்கைக்கு எதிர்ச்சான்று ஒன்றே. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்றூண்களைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு கிளார்க்கின் நூல் வந்தது. அக்காலத்துச் சுருளில் 36 படத்துக்கு மேல் இல்லை. தண்ணீருக்குள் சுருள் மாற்றவும் முடியாது. உலகைச் சுற்றும் தொடர்புச் செய்மதிகளை 1945இலேயே எண்ணிப் பார்த்த மனிதர், இதைவிட நல்ல கமரா வரட்டும் என்று கரையில் காத்திருக்கவில்லை. காரணம் எளிது: கடலடியில் பக்கத்தில் நிற்க அயலவர் இல்லை.

கொள்கையின் உச்சம் துறைமுகத்திலேயே இருக்கிறது. இம்மாவட்டத்தின் பெயருக்கும் புகழுக்கும், போர்த்துக்கேயர் முதல் பிரித்தானியர் வரை வந்து போனதற்கும், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போட்டதற்கும் காரணம் அதுதான். அதன் சிறந்த கோணங்கள் கடற்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துப் போனார்கள். வாயிலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் நிலை மாறவில்லை. படம் எடுத்தல் தடை என்ற பலகைக்கு முன் 6.3 மெகாபிக்சலும் 24.2 மெகாபிக்சலும் சமம். போர்க்காலத்தில் கமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கே யோசித்த ஊர் இது; இன்றும் சிலர் பலகையைக் கண்டால் லென்ஸை மூடிவிட்டுத்தான் நடக்கிறார்கள். புதிய மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது என்று ஒருவர் பெருமைப்பட்டார்.

நேர்மையான காரணம் ஒன்றேனும் இல்லையா என்று கேட்பீர்களாயின், உண்டு: உப்புக்காற்றும் ஈரமும். மாரி முழுவதும் அலுமாரியில் கிடந்த லென்ஸுக்குள் வெள்ளை நூலாகப் பங்கஸ் பிடித்துவிடும்; விட்டால் கண்ணாடியின் பூச்சையே தின்னும். ஆனால் பிடிப்பது லென்ஸில், மாற்றுவது கமராவை. மாற்றியவர் பட்ட பாட்டை நினைத்துப் புதியதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைக்கிறார். கோயிலுக்கும் கடற்கரைக்கும் கைத்தொலைபேசியே போகிறது.

எஞ்சியது பழைய கமராவை விற்பது. இதில்தான் புதியதன் தகுதி ஐயமற நிறுவப்பட்டது. ஆய்வுக்கு உட்பட்டவருள் ஒருவர் விற்பனை விளம்பரத்துக்காகப் பழையதைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, புதியதால் படம் எடுத்தார். மேல்மூடியின் கீறல்கள், பிடியின் தேய்ந்த ரப்பர், லென்ஸின் ஓரத்தில் பங்கஸின் முதல் இழை எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. மூதூரிலிருந்து வந்த வாங்குபவர் கமராவைக் கையில் எடுக்கவேயில்லை. தொலைபேசியில் அந்தப் படத்தைப் பெருப்பித்து ஒவ்வொரு கீறலாகக் காட்டி, கேட்ட விலையில் பாதிக்கு முடித்துக்கொண்டு போனார்.