ஆணி எண்ணி வாங்கிய சப்பாத்து

மன்னார்த் தீவில் பிறந்தவனுக்கு விளையாட்டுச் சப்பாத்து என்றால் அது புட்போல் பூட்ஸ்தான். அடியில் குமிழ் இருக்கும், மணலில் பிடிக்கும், அவசரத்துக்குக் கடனாகவும் கிடைக்கும். அக்காவின் மகள் 1500 மீற்றரில் மாகாண மட்டத்துக்குத் தெரிவாகி, "மாமா, எனக்கு ஸ்பைக்ஸ் வேணும்" என்றபோது, இந்த அறிவை நம்பித்தான் "விடு, மாமா பாத்துக்கொள்ளுறன்" என்றேன். வீட்டில் ஒருவரும் தடுக்கவில்லை. அவர்களுக்கும் அதே அளவு அறிவுதான்.

புறக்கோட்டையில் பாவித்த சப்பாத்து பரப்பி வைத்திருந்த ஒரு நடைபாதைக் கடை. "என்ன ஈவென்ட்?" என்றார் கடைக்காரர். "ஓட்டம்" என்றேன். "எத்தனை மீற்றர்?" "அவ எல்லாம் ஓடுவா." அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. என்னைப் போன்ற ஆட்களை நம்பித்தானே அவர் கடை போட்டிருக்கிறார்.

நான் சப்பாத்துகளைப் புரட்டி ஆணிகளை எண்ணினேன். கூடுதல் ஆணி, கூடுதல் பிடி, கூடுதல் வேகம். சிரிக்காதீர்கள், இப்படி நினைத்தவன் நான் மட்டுமில்லை. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்குக்கு முன்னர் பூமா நிறுவனம் 68 நுண்ணூசிகள் பதித்த சப்பாத்து ஒன்றைச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு ஜோன் கார்லோஸ் 200 மீற்றரையும் லீ எவன்ஸ் 400 மீற்றரையும் உலக சாதனை நேரத்தில் ஓடினார்கள். சப்பாத்து விதிக்கு ஒத்துவராது என்று அந்தச் சாதனைகள் ஏற்கப்படவில்லை. இன்றைய விதிப்படி ஒரு சப்பாத்துக்கு 11 ஆணிதான் உச்சம். ஆனாலும் அவர்கள் வேகமாக ஓடிவிட்டு மாட்டினார்கள். நான் ஒரு அடி எடுத்து வைக்க முன்னரே மாட்டினேன்.

நான் எண்ணித் தேர்ந்த சோடியில் முன்பக்கமும் ஆணி, குதியிலும் ஆணி. ஒரே விலையில் இரட்டை லாபம். மருமகள் அதைக் கையில் வாங்கி ஒருதரம் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இது உயரம் பாயிற ஆக்களின்ர. நான் ஓடுற ஆள்."

விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்துதான் இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார், உயரம் பாய்தல் என்றால் லேசா என்று கேட்டேன். "அவர் பாய்ஞ்சவர் மாமா" என்றாள்.

அடுத்ததாக, இணையத்தில் படம் பார்த்து ஓட்டக்காரர் சோடி ஒன்றையே வாங்கினேன். நுனி மேலே வளைந்து, பார்க்கும்போதே ஓடுகிற மாதிரி இருந்தது. 100 மீற்றர்க்காரர்களுக்கானது. அவர்கள் முன்பாதத்திலேயே ஓடி முடித்துவிடுவதால் அடித்தட்டு வளையாமல் விறைப்பாக இருக்கும், குதிக்கு மெத்தை என்று ஒன்றும் பெரிதாக இராது. 1500 மீற்றர் என்பது மைதானத்தை மூன்றே முக்கால் தரம் சுற்றுகிற வேலை. கொஞ்சம் வளைகிற தட்டும், களைத்துப்போய்க் குதி இறங்கும்போது தாங்க ஏதாவதும் வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது மருமகளின் கெண்டைக்கால். அக்கா இரவிரவாக எண்ணெய் தேய்த்துவிட்டா. எண்ணெய்ச் செலவு என் கணக்கில்.

அந்தச் சோடி ஒரு சைஸ் பெரிதும்கூட. "அடுத்த வருசத்துக்கும் ஆகும்" என்பது நம் குடும்பங்களின் தேசிய கீதம், நீங்களும் பாடியிருப்பீர்கள். ஆனால் ஸ்பைக்ஸ் காலோடு ஒட்டியிருக்க வேண்டும், உள்ளே கால் வழுக்கினால் ஆணி பிடித்து என்ன பயன்? நுனிக்குள் பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். முதலாவது வளைவிலேயே அது ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. அதற்காவது போகத் தெரிந்தது.

ஆணிகளைக் கழற்றி மாற்றலாம் என்பதே எனக்குப் பிந்தித்தான் தெரியும். தெரிந்தவுடன் உள்ளதில் நீளமானதை வாங்கிப் பூட்டினேன். எங்கள் மைதானம் பொருபொருவென்ற மணல், 200 மீற்றர் வளைவில் எப்போதும் இரண்டு கழுதை நிற்கும். அங்கே எந்த ஆணியும் ஒன்றுதான். கொழும்பில் சுகததாச அரங்கு போன்ற சிந்தெடிக் ஓடுபாதையில் கதை வேறு. அங்கே ரப்பரைக் குத்திக் கிழிக்கக் கூடாது, அழுத்தி எழும்ப வேண்டும். ஆகவே 9 மில்லிமீற்றர்தான் எல்லை. உயரம் பாய்தலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12. மண், புல் என்றால் 25 வரை போகலாம். கொழும்புப் போட்டியொன்றில் சப்பாத்தைப் புரட்டிப் பார்த்த அதிகாரி என் தெரிவைத் தன் நண்பரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

சரி, கழற்றுவோம் என்றால் வரவில்லை. சோளகம் உப்பை அள்ளிக்கொண்டு வருகிற ஊரில், கழுவித் துடைக்காமல் திண்ணையில் விட்ட சப்பாத்து அது. ஆணி துருப்பிடித்துத் தட்டோடு தட்டாகிவிட்டது. பருவம் முடிந்ததும் கழற்றி, புரியில் கொஞ்சம் கிறீஸ் பூசி வைக்க வேண்டுமாம். கடைசியில் போட் எஞ்சின் திருத்துகிற பாஸிடம் கொண்டுபோனேன். அவர் ஒயில் விட்டு, குறட்டால் பிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றினார். "இது எந்த எஞ்சினுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு நான் விதிகள் படிக்கத் தொடங்கினேன். வீட்டுக்கு அது இன்னும் பெரிய சோதனை. உலகப் போட்டிகளில் 2024 நவம்பர் முதல் ஓடுபாதைச் சப்பாத்தின் அடித்தட்டு 20 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது. அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு மருமகளின் சப்பாத்தடியில் குந்தினேன். அவள் தன் கோச் சேரைக் கேட்டுத் தானே வாங்கிய நடுத்தூரச் சோடி, அளவாகத்தான் இருந்தது. என்னுடைய அனுமதியோடு தொடர்ந்து ஓடுகிறாள்.

இப்போது ஊரில் என்னிடமும் ஆலோசனை கேட்க ஆள் வருகிறது. போன கிழமை பேசாலையிலிருந்து ஒருவர் வந்தார், மகன் ஈட்டி எறிகிறானாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஈட்டிக்குக் கணுக்கால் மூடுகிற உயர்ந்த பூட்ஸ், குதியிலும் ஆணி, எறியும்போது முன்னுக்கு ஊன்றுகிற இடது காலில்தான் முழுப் பாரமும் விழும், பழசு வாங்கினால் அந்தக் காலைத்தான் தேய்மானம் பார்த்து வாங்க வேண்டும் என்று அடுக்கினேன். மனிதர் பயபக்தியோடு ஒரு துண்டில் எழுதிக்கொண்டார்.

உள்ளே இருந்து மருமகளின் குரல் வந்தது. "மாமா, அந்தத் தம்பி எந்தக் கையால எறியிறவர் எண்டு கேட்டனீங்களே?"

வந்தவர் துண்டை மடித்தார். "இடக்கை" என்றார்.