லாரியில் வரும் மாநகரம்

தொழிலெல்லாம் ஏன் பெருநகரத்துக்கே ஓடுகிறது என்று கேட்டால் நிபுணர்கள் சளைக்காமல் காரணம் சொல்வார்கள். துறைமுகம், விமான நிலையம், படித்த பிள்ளைகள், கூப்பிடு தூரத்தில் அதே தொழில் செய்யும் பத்துப் பேர். எல்லாம் உண்மைதான். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். லாபம் தனக்கும் செலவு அடுத்தவன் தலைக்கும் என்று பிரித்துக்கொள்ள வசதியான இடம் எதுவோ, அங்கேதான் தொழில் ஓடும். நம்பாதவர்கள் சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கேளம்பாக்கம் வந்து பார்க்கலாம்.

2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலை அதன் பிறகு ஆறு வழியாயிற்று, ராஜீவ் காந்தி பேரைத் தாங்கிற்று. சிறுசேரியில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. கம்பெனிக்கு நிலம், வரிச் சலுகை, தடையில்லா மின்சாரம் என்று கம்பளம் விரித்தவர்கள், அங்கே வேலைக்குக் காரில் போனவருக்கு டோல்கேட் விரித்தார்கள். நாவலூரில் சுங்கம் வாங்குவதை நிறுத்த 2023 அக்டோபர் வரை ஆயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

சரி, வந்து சேர்ந்தவர் எப்படி இருக்கிறார்? காலையில் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று பாருங்கள். உள்ளே நுழைய ஒரு லாரி நிற்கும், ‘தண்ணீர்’ என்று எழுதியிருக்கும். வெளியே வர இன்னொரு லாரி உறுமும், அதில் ‘கழிவுநீர்’. கேட் ஒன்றுதான். இதுவா அதுவா முதலில் என்று ஒடிசாவிலிருந்து வந்த காவலாளி விசில் ஊதி முடிவு செய்கிறார். குடிநீர் வாரியம், பாதாளச் சாக்கடை, நகரமைப்பு என்று மூன்று இலாகா பார்க்க வேண்டிய வேலையை ஒரே விசிலில் முடித்துவிடுகிற அந்த மனிதருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மாடியில், எண்பது லட்சத்துக்குக் கடன் வாங்கியவர் சங்கத்தின் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்: ‘லாரி தாமதம், யாரும் வாஷிங் மெஷின் போட வேண்டாம்.’ கீழே நீச்சல் குளம் இருக்கிறது. விளம்பரத்தில் நீலமாக இருந்தது.

இத்தனைக்கும் கடல் பக்கத்தில்தான், கோவளத்தில். இன்னும் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் வந்தது, நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024-ல் பக்கத்திலேயே இன்னொன்று, பதினைந்து கோடி லிட்டர். தண்ணீர் குழாயேறி வடக்கே மாநகருக்குப் போகிறது. ஆலை இருக்கிற வட்டாரத்துக்கு லாரி.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இந்தச் சாலையில் இருந்த சில கம்பெனிகள், தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்றன. வீட்டில் என்ன காவிரியா ஓடியது?

நகரத்தின் ஈர்ப்பு, ஈர்ப்பு என்கிறார்களே, அந்தச் சொல்லைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். அங்கே இருப்பவர்களை எந்த நகரமும் ஈர்க்கவில்லை. நகரத்துக்கு நடுவில், கூவம், அடையாற்றுக் கரைகளில் தலைமுறையாக இருந்தவர்களைச் சாமான்செட்டோடு கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஆற்றோரம் ஆபத்து, வெள்ளம் வரும் என்று காரணமும் சொன்னார்கள். குடிவைத்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதன் வடிகாலையும் ஒட்டியது. 2015-ல் அங்கே வெள்ளம் நின்றது, 2023-ல் மிக்ஜாம் புயலில் மறுபடி நின்றது. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் ஆன அந்தப் பெண்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து, தாங்கள் விரட்டப்பட்ட தெருக்களுக்கே பாத்திரம் தேய்க்கப் போகிறார்கள். இதற்குப் பேர் மறுவாழ்வு!

வெளியூர்ப் பிள்ளை மட்டும் ஆசைப்பட்டா வருகிறான்? மதுரை வடபழஞ்சியிலும் திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் அரசின் எல்காட் நிறுவனம் வழியாகத் தொழில்நுட்பப் பூங்கா கட்டினார்கள். கம்பெனிகள் எட்டிப் பார்க்க வருஷக்கணக்காயிற்று. வடபழஞ்சிக் கட்டடம் கொரோனா காலத்தில் நோயாளிகளைப் படுக்கவைக்க உதவியது, அதுவரைக்கும் புண்ணியம். 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று சின்ன டைடல்கள் திறந்தார்கள். நல்லது. இருபது வருஷம் முன்பே திறந்திருந்தால் பாளையங்கோட்டைக்காரன் கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில் வாடகை கொடுத்துக்கொண்டிருக்க மாட்டான்.

இதற்கெல்லாம் அரசாங்கம் மருந்து கண்டுபிடிக்காமல் இல்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தது. ஒரே அரசாணையில் ஏரி, வயல், உப்பளம் எல்லாம் பெருநகரம். கிராம ஊராட்சியின் வருமானத்தை வைத்துக்கொண்டு மாடிக் கட்டடங்களைச் சுமந்த கேளம்பாக்கமும் அதற்குள் வந்தது. மெட்ரோ ரயிலின் மூன்றாம் வழித்தடமோ மாதவரத்தில் கிளம்பிச் சிறுசேரி சிப்காட்டோடு முடிகிற மாதிரிதான் வேலை நடக்கிறது. கம்பெனி வாசல் வரைக்கும் வரும். அதற்கு மேல் ஷேர் ஆட்டோ.

2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் என்று கைதட்டினார்கள். அடுத்த மாநாட்டில் கைதட்டும் முன், ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: வேலைக்கு வருகிறவர் எங்கே குடியிருப்பார், எந்தக் குழாயில் குடிப்பார், அவர் வீட்டுக் கழிவு எந்தச் சாக்கடையில் போகும், செலவு யாருடையது. அதை எழுதாத ஒப்பந்தத்தில் முதலமைச்சர் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போடக் கூடாது. நீங்களும், வீடு பார்க்கப் போனால் நீச்சல் குளத்தை விட்டுவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ‘கார்ப்பரேஷன் லைன் சீக்கிரம் வந்துவிடும் சார்’ என்பார்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.