பேய்க்கு வந்த வசதி

அந்தக் காலத்துப் பேய்க்கு ஒரே ஒரு வேலைதான். பயமுறுத்த வேண்டும். அதற்காக ஒரு வெள்ளைப் புடவையும் ஒரு சவுரி முடியும் கொடுப்பார்கள். தயாரிப்பாளர் கொஞ்சம் தாராளமானவர் என்றால் கூடவே இரண்டு கோரைப்பல். இன்றைய பேய்க்கு வேலைப்பளு அதிகம். முதல் பாதி முழுக்கக் காமெடி நடிகர்களோடு ஓடிப்பிடித்து விளையாட வேண்டும். இடைவேளைக்கு முன்னால் ஒருமுறை உக்கிரம் காட்ட வேண்டும். இடைவேளை முடிந்ததும் சொந்தக் கதையைச் சொல்லி அழ வேண்டும். பறிபோன நிலத்தை மீட்க வேண்டும். கிளைமாக்ஸில் அம்மன் பாட்டுக்கு ஈடுகொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து சாந்தியடைந்த பிறகும் அடுத்த பாகத்துக்காகக் கடைசி ஷாட்டில் ஒருமுறை கண் திறந்து மூட வேண்டும். பாவம், இதற்கு நடுவில் பயமுறுத்த அதற்கு ஏது நேரம்?

நான் அரை டிராயர் காலத்திலிருந்து பேய்ப்படம் பார்க்கிறவன். நல்ல பேய்ப்படம் என்று நாலு பேர் சொன்ன பிறகு போகிற ஜாதி கிடையாது. போஸ்டரில் ஒரு கை, ஒரு கதவு, ஒரு கறுப்புப் பூனை இருந்தால் போதும், வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கே போய்விடுவேன். ஆகையால் மட்டமான படங்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஏமாற்றமளிக்கும் படங்களைப் பற்றிப் பேச அதைவிட அதிகத் தகுதி உண்டு. இரண்டும் வேறு வேறு.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் மணல் தரைதான் முதல் வகுப்பு என்பது எங்கள் கட்சி. புரொஜக்டர் ஒன்றே ஒன்று. அதனால் ரீல் மாற்ற ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. பேய் கதவில் கை வைத்திருக்கும், கதவு கிரீச்சிட ஆரம்பித்திருக்கும், பளிச்சென்று லைட் எரியும். "முறுக்கே, சோடா, கலரே!" கூட்டம் காராச்சேவு தின்று, வெளியே போய் ஒதுங்கிவிட்டு வரும்வரை பேய் அந்தக் கதவருகிலேயே பொறுமையாக நிற்கும். ரஜினிகாந்தும் லதாவும் நடித்த 'ஆயிரம் ஜென்மங்க'ளை நான் அப்படித்தான் பார்த்தேன். 1978-இல் வெளியான படம். பல ஊர் சுற்றி எங்கள் கொட்டகைக்கு வந்தபோது பிரிண்ட் முழுக்கக் கோடு விழுந்து, வீட்டுக்குள் நடக்கிற காட்சியிலும் மழை கொட்டியது. அந்த மழைக்குள் யார் நிற்கிறார்கள் என்று பாதி தெரியாது. தெரியாத பாதியை நாங்களே நிரப்பிக்கொண்டோம். அதுதான் மோசமாகப் போயிற்று.

கிளம்பும்போதே அம்மா எச்சரித்திருந்தாள். "ஏலே, பேய்ப்படம் பாத்துட்டு வந்து ராத்திரி ஒண்ணுக்குப் போவ என்னைய எழுப்புனே... அந்தப் பேயவே தொணைக்குக் கூட்டிட்டுப் போ, சொல்லிட்டேன்."

பெயர் மறந்துபோன இன்னொரு படத்தில், வெள்ளைப் புடவை மிதந்து வருகிற காட்சியில் புடவை ஓரம் லேசாக விலகியது. உள்ளே நீல வார் போட்ட ஹவாய் செருப்பு. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று பாட்டிகள் சொல்லிச் சொல்லி வளர்ந்த கூட்டம் அது. "ஏலே, பேயி செருப்பு போட்ருக்குலே!" என்று ஒருத்தன் கத்த, கொட்டகையே சிரித்தது. படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் சுடலைமாடன் பீடமும் அதை ஒட்டி ஒரு புளியமரமும் உண்டு. செருப்பைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம் அந்த இடம் வந்ததும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, உரக்க முருகன் பாட்டுப் பாடியபடி ஓடியது. முதலில் ஓடியவன் முதலில் சிரித்தவன்தான். மட்டமான படத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் சிரித்துவிட்டதாலேயே பயம் போய்விடும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எங்களுக்கு முந்தின தலைமுறையின் ஏமாற்றம் வேறு ரகம். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ' 1966-இல் வந்தது. இந்தி 'வோ கௌன் தி'யின் தமிழ் வடிவம். மழை, வெள்ளைப் புடவை, பாட்டு என்று உடம்பெல்லாம் சிலிர்க்க வைத்துவிட்டுக் கடைசியில் பார்த்தால் எல்லாம் சொத்துக்காக நடந்த நாடகம். அந்தக் காலத்துத் திகில் படங்கள் பலவற்றில் பேய் வேலை பார்த்தவர் தூரத்து உறவினர்தான். எங்கள் பெரியப்பா இதில் கடைசிவரை சமாதானமாகவில்லை. "காசு குடுத்து பேயப் பாக்கப் போனா, பங்காளியக் காட்டுதான். பங்காளி நம்ம வீட்லயே இருக்கானே!" என்பார்.

எண்பதுகளில் நிஜப் பேய் வந்தது. அர்ஜுன் நடித்த 'யார்', மனோபாலா இயக்கிய 'பிள்ளை நிலா' இரண்டும் 1985. அப்புறம் 'மை டியர் லிசா', '13ஆம் நம்பர் வீடு' என்று வரிசையாக. பணம் இல்லை என்பது பல படங்களில் பளிச்சென்று தெரியும். காற்றடிக்க ஒரு பெரிய ஃபேன், புகைக்குச் சாம்பிராணி, சிவப்புத் தாள் சுற்றிய லைட், கோணலாக வைத்த கேமரா. மிச்சத்தை நாய் ஊளையும் கதவுக் கீலும் பார்த்துக்கொள்ளும். 'பிள்ளை நிலா'வில் பேய்க்கென்று தனிச் செலவே இல்லை. ஊரே தூக்கிக் கொஞ்சிய பேபி ஷாலினியின் முகம்தான் பேய். அந்தக் குழந்தை சிரிக்காமல் ஒரு பார்வை பார்த்தால் போதும். கையில் காசில்லாதவன் யோசிக்கிற யோசனை அது.

அப்புறம் இங்கிலீஷ் படம் 'ஈவில் டெட்' வந்தது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் பார்க்க வேண்டாம் என்று போஸ்டரிலேயே எழுதியிருந்ததால் எங்கள் தெருவில் இதய நோயாளிகள் தவிர எல்லோரும் போனார்கள். தன்னந்தனியாக உட்கார்ந்து முழுப் படமும் பார்ப்பவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு என்று ஊருக்குள் ஒரு பேச்சு. யார் தருவார்கள், எங்கே தருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் வில்லியம் காஸில் என்ற தயாரிப்பாளர் 1958-லேயே இது மாதிரி ஒன்றை நிஜமாகச் செய்திருக்கிறார் என்பது. அவருடைய 'மக்காப்ர' படம் பார்த்துப் பயத்தில் செத்தால் ஆயிரம் டாலர் என்று பார்வையாளர்களுக்கு இன்ஷூரன்ஸ் பத்திரமே கொடுத்தார். படம் சுமார்தான். பத்திரம் அபாரம்.

'ஈவில் டெட்' எடுத்தபோது இயக்குநர் சாம் ரெய்மிக்கு இருபது வயதுதான். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் திரட்டி, டென்னஸியில் பாழடைந்த ஒரு மரவீட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டே எடுத்தார். ரத்தமாக ஓடியது சோளப்பாகு. காட்டுக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்து வருமே, அதற்குக் கேமராவை ஒரு பலகையில் பூட்டி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்தப் பேய்! அதற்கு முன் 1978-இல் ஜான் கார்பென்டர் 'ஹாலோவீன்' எடுத்தபோது கொலைகாரனுக்குப் போட்டது கடையில் மலிவாக வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க் முகமூடி. வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள், கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். உணர்ச்சியே இல்லாத அந்த வெள்ளை முகம் இன்றைக்கும் உலகம் முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி இன்றைக்கு வருவோம். ஏ.சி. தியேட்டர், சாய்மான சீட், நாலு பக்கமும் ஸ்பீக்கர். பேய் கிராஃபிக்ஸில் பிறந்தது. நகம் தெரிகிறது, நகத்துக்குள் அழுக்கு தெரிகிறது, முதுகெலும்பைக் கணக்கெடுக்கலாம். அடுத்த சீட்டில் என் மகன் கேரமல் பாப்கார்ன் தின்கிறான். பேய் திரை முழுக்க வாயைத் திறக்கும்போது, "கிராஃபிக்ஸ் நல்லாப் பண்ணிருக்காங்கப்பா" என்கிறான். பேயைப் பார்த்து ஒருவன் சொல்லக்கூடிய ஆகக் கொடூரமான வார்த்தை இதுதான்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குக் காரணம் ஆவியுலகத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை டிவியில் போட முடியாது. 2011-க்குப் பிறகு ஜி.எஸ்.டி. வரும்வரை, கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் பெயரோடு 'யு' சான்றிதழும் வேண்டியிருந்தது. குழந்தைகளும் பார்க்கிற மாதிரி பயமுறுத்து என்று பேய்க்கு உத்தரவு போட்டால் அது என்ன செய்யும்? மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்த காளை மாதிரி தெருவில் சுற்றி வந்தது. அதே 2011-இல் 'காஞ்சனா' பிய்த்துக்கொண்டு ஓடியதும் பாதை தீர்மானமாயிற்று. அந்தப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். சரத்குமார் நடித்த திருநங்கையின் கோபத்தில் உண்மை இருந்தது. பின்னால் வந்த நகல்களில் கோபம் காணாமல் போய், கோரிக்கை மனு மட்டும் மிஞ்சியது. இப்போது 'அரண்மனை' நாலாம் பாகம்வரை வந்துவிட்டது. நம் ஊரில் இத்தனை அரண்மனைகள் இருந்தன என்பதே எனக்குப் பேய்ப்படம் பார்த்துத்தான் தெரியும்.

பேய்க்கு முன்கதை இருப்பது தப்பென்று சொல்லவில்லை. பழையனூர் நீலிக்கு இல்லாத முன்கதையா? முற்பிறவியில் புருஷனே கொன்றான். மறுபிறவியில் பேயாகி அவனைத் தேடி வந்தாள். கையிலிருந்த கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னோடு வர மறுக்கிறான் என்று ஊர்ச்சபையில் அழுதாள். வேளாளர் எழுபது பேரும் நம்பினார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகாது, ஆகிவிட்டால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று பிணை சொல்லி அவளோடு அனுப்பிவைத்தார்கள். அவன் பிழைக்கவில்லை. சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீக்குளித்தார்கள். கதையை நன்றாகக் கவனியுங்கள். நீலிக்கு நியாயம் இருக்கிறது, அழுகையும் இருக்கிறது. ஆனால் அந்த அழுகை பொறி. இன்றைய பேய்கள் மனதார அழுகின்றன. கோளாறே அங்குதான். நாம் கர்ச்சீப்பை எடுத்துவிட்டால் அப்புறம் அது எப்படி நம் கழுத்தைப் பிடிக்கும்?

நல்ல பேய்கள் இல்லாமலும் போகவில்லை. 2009-இல் மட்டும் இரண்டு. டிவி சீரியலுக்குள் பேயைக் குடிவைத்தது 'யாவரும் நலம்'. தண்ணீரையே பேயாக்கியது 'ஈரம்'. அதைப் பார்த்துவிட்டு வந்து பாத்ரூம் குழாயை ஒழுகாமல் இறுக்கி மூடியவர்கள் பலர். 2012-இல் 'பீட்சா'. பீட்சா கொடுக்க வந்த விஜய் சேதுபதி ஒரு பங்களாவில் மாட்டிக்கொள்கிறார், கையில் ஒரு டார்ச். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு படிக்கட்டு, ஒரு படம், ஒரு கதவு நுனி. வட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் நம் பொறுப்பு. எங்கள் கொட்டகைப் பிரிண்டில் தற்செயலாக நடந்ததை இவர்கள் திட்டம் போட்டுச் செய்தார்கள். அந்தப் படத்தில் பங்களாப் பேய் கடைசியில் கட்டுக்கதை என்று ஆகிறது. பெரியப்பாவைத் திட்ட வைத்த அதே தந்திரம்தான். ஆனால் அதற்கு மேலும் ஒரு படி வைத்திருந்தார்கள், அவரே எழுந்து கைதட்டியிருப்பார். 2015-இல் 'டிமான்ட்டி காலனி'யும் 'மாயா'வும். முன்னதில் நாலு பையன்கள், ஒரு அறை, ஒரு டிவி. தங்கள் சாவைத் தாங்களே அந்த டிவியில் பார்க்கிறார்கள். வாடகைக்கு எடுத்தால்கூட அந்த அறைக்கு எவ்வளவு ஆகிவிடும்?

ஆக, என் தீர்ப்பு இதுதான். செருப்புத் தெரிந்தால் மன்னிப்பேன். சவுரி கழன்றால் மன்னிப்பேன். ரத்தம் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தாலும் மன்னிப்பேன். பேய்ப்படம் எடுக்க வந்துவிட்டு, பேய்ப்படம் எடுத்ததற்காகப் படம் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, பாதியில் ஒரு குத்துப்பாட்டு, பயந்துவிடுவோமோ என்று ஒரு காமெடி, கடைசியில் ஒரு கருத்து என்று, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பணப்பஞ்சம் ஒரு படத்தை மட்டமாக்கும். ஏமாற்றமாக்குவது துணிச்சல் பஞ்சம்.

இன்னொன்றும் கவனித்தேன். 'ஈரம்' அறிவழகனுக்கும், 'பீட்சா' கார்த்திக் சுப்புராஜுக்கும், 'டிமான்ட்டி காலனி' அஜய் ஞானமுத்துவுக்கும், 'மாயா' அஸ்வின் சரவணனுக்கும் முதல் படம். ஸ்டார் கால்ஷீட் கிடைக்காத பையனுக்கு ஒரு பாழடைந்த வீடு கிடைக்கும், இருட்டு இலவசம். முதல் படிக்கட்டைப் பேய் போட்டுக்கொடுக்கும். ஏறியவர்களில் சிலர் அதன்பின் பேய்ப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. சாம் ரெய்மி 2002-இல் 'ஸ்பைடர்மேன்' எடுக்கப் போனார். கார்த்திக் சுப்புராஜ் ரஜினியை வைத்துப் 'பேட்ட' எடுத்தார். பேய்க்கு நன்றி சொன்னவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கும் பழிவாங்கத் தெரியவில்லை.

போன வாரம்கூட ஒரு படம். பெயர் வேண்டாம். காலைக் காட்சிக்கு என்னையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்திருப்போம். அதில் பாதிப் பேர் படத்தில் நடித்தவர்களின் சொந்தக்காரர்கள் என்று கைதட்டலிலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான். "படம் மோசம்னு ரிவ்யூவே வந்துருச்சேப்பா. தெரிஞ்சே எதுக்குப் போறீங்க?"

"ரிவ்யூ நல்லா வந்தா ஊரே போவுமேடா. இந்த ஏழெட்டுப் பேரும் போவலன்னா அந்தப் பையன் ரெண்டாவது படத்தை யாருக்கு எடுப்பான்?" என்றேன்.

"ரெண்டாவது படமும் மோசமா இருந்தா?"

"அதுக்கும் காலைக் காட்சி போடுவாம்லா?"