போகும்போதும் மேடு, வரும்போதும் மேடு: ஓர் ஆய்வு

முதற்கண் வரையறை. காசு வாங்கிக்கொண்டு சைக்கிள் மிதிப்பவர் தொழில்முறை வீரர். காசு செலவழித்து மிதிப்பவர் அமெச்சூர். இரண்டும் இல்லாமல், கேரியரில் புல்லுக்கட்டோடு இவ்விருவரையும் ஓரங்கட்டிப் போகிறவர் விவசாயி. அவர் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார் என்று சொல்ல முடியாது. எல்லையை எப்போதோ தாண்டிப் போய்விட்டார்.

ஆய்வுக்களம் சிங்காரப்பேட்டை. மேற்கே ஊத்தங்கரை, கிழக்கே செங்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகள் மொத்தம் ஒன்று. அதுவும் முழங்கால் வலியோடு.

ஏறியதெல்லாம் இறங்கித்தானே ஆகவேண்டும், ஆகவே மேடும் பள்ளமும் சமம் என்பது பாமரர் கொள்கை. இது பிழை. ஏலகிரி மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டப்பட்டவை. பாரி வளைவை அடையும்போது, முல்லைக்கே தேர் ஈந்தவர் நமக்கு ஒரு லிப்ட் தரமாட்டாரா என்று தோன்றும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 10 கிலோமீட்டர் ஏறினால் ஒரு மணி நேரம். அதே தூரத்தை 40-ல் இறங்கினால் 15 நிமிடம். ஆக மொத்தம் 75 நிமிடத்தில் 60 நிமிடம் மேட்டிலேயே கழிகிறது. அதாவது தூரத்தில் பாதி, வாழ்க்கையில் ஐந்தில் நான்கு பங்கு. இறக்கத்தில் ராக்கெட் வேகத்திலேயே வந்தாலும் சராசரி 20-ஐத் தொடாது. ஏறும்போதே ஒரு மணி நேரம் போய்விட்டதே! பள்ளம் என்பது மேட்டுக்கு நஷ்ட ஈடு அன்று, வெறும் ஆறுதல் பரிசு என்பது இதனால் பெறப்படும்.

இனி காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மேற்கு நோக்கி மிதிக்கும் சைக்கிள்காரன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பான். எதிரே வரும் காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. கிழக்கே செங்கத்துக்குப் போகும்போது 30-ல் பறப்பேன். அது என் பயிற்சியின் பலன். திரும்பும்போது 14, அது காற்றின் குற்றம். இதில் முரண்பாடு இருப்பதாக இதுவரை எனக்குப் படவில்லை.

வரலாற்றுச் சான்றும் உண்டு. 1767 செப்டம்பரில் ஹைதர் அலி துரத்த, கர்னல் ஜோசப் ஸ்மித் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து திருவண்ணாமலையை நோக்கிப் பின்வாங்கினார். செங்கத்தில் சண்டை நடந்தது. பின்வாங்கிய திசை கிழக்கு. தென்மேற்குப் பருவக்காற்று முதுகில். வரலாற்று நூல்கள் இதைப் போர்த்தந்திரம் என்கின்றன. ரோடு சைக்கிள் வைத்திருப்பவனுக்கு அது சாதாரண விவேகம்.

பிரான்சில் 1891-ல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போய்விட்டுத் திரும்பியும் வரவேண்டும். ஆகவே நமது கொள்கை அங்கும் செல்லும்.

அடுத்து விலை. ஓசூரில் டிவிஎஸ் 50 பிறந்தது 1980-ல். அன்றுமுதல் இந்த மாவட்டத்தில் எந்த வண்டியையும் அளக்கும் முழக்கோல் அதுதான். டீக்கடையில் என் சைக்கிளைச் சுற்றிவந்த பெரியவர் விலை கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அப்படியும் அதிர்ந்தார்.

“அந்தக் காசுக்கு எக்செல்லே வாங்கியிருக்கலாமே சார். இதுல கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மக்காடு இல்ல, பெல்லும் இல்ல. இன்னும் எதையாச்சும் கழட்டிட்டா வெலை இன்னும் ஏறுமா?”

ஏறும். எடை குறையக் குறைய விலை கூடும் என்ற இத்துறையின் தலையாய விதியை அவர் ஒரு டீ முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு இரண்டு வருடமும் இரண்டு கடன் தவணையும் பிடித்தன.

பஞ்சர் கடையில் நிலைமை இன்னும் மோசம். வால்டியூப் காலத்திலிருந்து காற்றடித்து வருபவர், என் டியூபின் மெலிந்த பிரெஸ்டா வால்வைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இதுக்கு வாய் எங்கப்பா இருக்குது?” என்றார். பித்தளை அடாப்டர் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும். அது வீட்டு மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது.

கடைசிக் கள ஆய்வு ஊத்தங்கரைச் சாலையில். எதிர்க்காற்று. முன்னால் மாங்காய் ஏற்றிய டிராக்டர், கிளிமூக்கு மாங்காய் மணத்தோடு. அதன் பின்னால் ஒண்டிக்கொண்டேன். திடீரென்று காற்றே இல்லை; கால்கள் என்னுடையவை போலவே இல்லை. இது ஆபத்தான வேலை, யாரும் செய்யவேண்டாம் என்று ஆய்வாளன் என்ற முறையில் எச்சரிக்கிறேன். டிரைலரில் மாங்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பையன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, ஏறிக்கிறீங்களா? எடம் இருக்குது.”

மறுத்துவிட்டேன். ஆய்வு நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. அரை கிலோமீட்டரில் டிராக்டர் இடப்பக்கம் ஒரு தோப்புக்குள் திரும்பியது. அதுவரை அதற்கு முன்னால் நின்றிருந்த காற்று, அங்கேயே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.