வடக்கயிறா, பொரி மூட்டையா? அலுவலகக் குழுவை ஒன்றுசேர்க்கும் செயல் குறித்த ஓர் ஆய்வு

சென்னையில் தரமணி முதல் சிறுசேரி வரையுள்ள அலுவலகங்களில், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊழியர்களுக்கு ஒரே நிறத்தில் டிஷர்ட் மாட்டி, பஸ்ஸில் ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவதொரு ரிசார்ட்டில் இறக்கிவிடும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. நோக்கம் குழு ஒற்றுமை என்று எச்ஆர் துறையின் மின்னஞ்சல் கூறும். அங்கே நிகழும் சடங்குகள் அகம், புறம் என இருவகைப்படும். பேப்பர் கப்பைக் கோபுரமாக அடுக்குதல், பலூனை முதுகால் அழுத்தி உடைத்தல், சைகையால் சினிமாப் பெயர் சொல்லுதல் ஆகியன கூரைக்குக் கீழே நிகழ்வதால் அகம். கயிறு இழுத்தலும் நீச்சல்குளத்தில் மேலாளரைத் தள்ளிவிடுதலும் வெயிலில் நிகழ்வதால் புறம். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கம் சாய, சக ஊழியர் தாங்கிப் பிடிக்கும் ‘ட்ரஸ்ட் ஃபால்’ இரண்டிலும் அடங்காது. பிடிக்க வேண்டியவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எலும்பு மருத்துவத்தின் பாற்படும். இவற்றுள் தக்கது எது எனத் துணிவதே இவ்வாய்வின் நோக்கம். இவற்றுள் எதுவும் தக்கதன்று என்பதும், தக்க செயல் ஒன்று அலுவலகத்துக்குள்ளேயே ஆண்டுதோறும் நடந்தும் எவரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் இங்கு நிறுவப்படும்.

முதலில் கயிறு. ஒற்றுமைக்கு இதைவிடச் சிறந்த சின்னம் இல்லை என்பார் பலர். ஆனால் கயிற்றை இழுக்கச் சொல்லி, இழுத்ததை அளந்தும் பார்த்தவர் ஒருவர் உண்டு. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் இழுக்கவைத்து விசையைக் கணக்கிட்டார். முடிவுகள் 1913இல் வெளிவந்தன. ஆள் கூடக்கூட, தலைக்கு இழுவை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, அவரவர் தனியே காட்டிய வலுவில் ஏறத்தாழப் பாதிதான் தேறியது. எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காததே காரணம், சோம்பல் அன்று எனக் குழுவின் மானத்தைக் காக்க முயல்வோர் உளர். அவர்களுக்கு 1974இல் அமெரிக்காவில் விடை கிடைத்தது. ஆலன் இங்காமும் உடனாய்வாளர்களும் ஆளின் கண்ணைக் கட்டி, பின்னால் இன்னும் சிலர் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து, உண்மையில் அவரை மட்டும் இழுக்கவிட்டனர். பின்னால் ஆள் உண்டு என எண்ணியதுமே அவரது வலு இறங்கியது. ஆகவே கயிறு கற்பிப்பது ஒன்றே: பின்னால் ஆள் இருக்கும்போது முகத்தை மட்டும் சுளித்தால் போதும். இக்கலையில் நம் ஊழியர்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள் என்பதற்குப் பதினைந்து பேர் கூடும் எந்த மீட்டிங்கும் சான்று. கற்றதையே கற்பிக்க ரிசார்ட் வாடகை கொடுப்பது வீண்செலவு என்க.

அணி பிரித்து மோதவிட்டால் உற்சாகம் பிறக்குமே எனின், பிறக்கும். கூடவே வேறொன்றும் பிறக்கும். துருக்கியில் பிறந்த உளவியலாளர் முசாபர் ஷெரிப், 1954இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் முகாமிட்டிருந்த 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் பேஸ்பால், கயிறு இழுத்தல் எனப் போட்டி வைத்தார். தோற்ற அணி, மற்ற அணியின் கொடியைக் கொளுத்தியது. பிறகு இரு அணியையும் ஒரே கூடத்தில் உண்ணவைத்துச் சமாதானத்துக்கு முயன்றார். சிறுவர்கள் சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினர். பஃபே விருந்து போட்டால் டெவலப்பரும் டெஸ்டரும் கூடிவிடுவர் என நம்பும் மேலாளர்கள் இவ்விடத்தை இருமுறை படிக்கவும். பகை தணியத் தொடங்கியது, முகாமுக்குத் தண்ணீர் வராமல் இருதரப்பும் சேர்ந்து கோளாற்றைத் தேடியபோது. சாப்பாடு வாங்கிவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தபோது, போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றை அதில் கட்டி இரு அணியும் ஒரே பக்கம் நின்று இழுத்தன. கோளாறுகளை ஏற்பாடு செய்தவர்கள் ஆய்வாளர்களே என்றாலும், பசி உண்மையானது. (நாற்காலியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஆளை வெளியேற்றும் மியூசிக்கல் சேரை ஆள்குறைப்புக் காலத்தில் அலுவலக விளையாட்டாக வைப்பவர்களின் மனநிலை தனி ஆய்வுக்குரியது.)

இதனால் தக்க செயலுக்கு மூன்று இலக்கணம் பெறப்படும். அது பொய்யான வேலையாக இருக்கக் கூடாது. ஒருவரால் மட்டும் முடியக் கூடாது. பதவியால் எந்தப் பயனும் விளையக் கூடாது. பேப்பர் கப் கோபுரம் முதல் இலக்கணத்திலேயே சரிகிறது, அதை எவரும் நாளை தேடப்போவதில்லை. மூன்றும் ஒருங்கே பொருந்தும் செயல், ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய வேலைநாளின் பிற்பகலில் நிகழும் பொரிப் பை கட்டுதலே. மூட்டைப் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், வாழைப்பழம், சுண்டல் எல்லாம் கான்ஃபரன்ஸ் மேசைமேல் குவிகின்றன. ஒருவர் கவரின் வாயை விரிக்க, ஒருவர் அள்ளிப் போட, ஒருவர் கட்ட, ஒருவர் எண்ண வேண்டும். தனியாகக் கட்டுபவர் ஒரு கையால் கவரைப் பிடித்து மறுகையால் அள்ளுவதற்குள் பாதிப் பொரி கார்ப்பெட்டில். ஒரு பைக்கு எத்தனை பிடி என்பதை அறிந்தவர் டெலிவரி ஹெட் அல்லர், ஹவுஸ்கீப்பிங் அக்கா. “சார், அவ்வளவு போடாதீங்க, பத்தாது” என்று அவர் சொல்ல, பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ள ஆர்க்கிடெக்ட் மறுபேச்சின்றி அரைப்பிடியைத் திரும்பக் கொட்டும் காட்சியை எந்தத் தலைமைப் பயிற்சி வகுப்பும் இதுவரை உண்டாக்கியதில்லை. கடைசி இருபது பேருக்குப் பொரி தீர்ந்துவிடுவதும் இயல்பு. அப்போது கட்டிய பைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, இல்லாத பைகளை நிரப்புகிறார்கள். யாருக்கும் மின்னஞ்சல் போகவில்லை, யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. அந்தப் பொரி வராவிட்டால் செக்யூரிட்டி முதல் கேப் டிரைவர் வரை மறுவாரமும் விசாரிப்பார்கள் என்பதால் இது மெய்யான வேலையும் ஆகிறது.

பூஜை ஒரு சமயத்தாருக்கு உரியதாயிற்றே, மற்றவரை எப்படிச் சேர்ப்பது என்பது வலுவான தடை. இதை நகைத்துக் கடத்தல் ஆகாது. விளக்கேற்றுவதும் கும்பிடுவதும் விரும்புவோர்க்கே உரியன. எவரையும் பொட்டு வைக்கச் சொல்லுதல் முறையன்று. ஆனால் குழுவை ஒட்டவைக்கும் ஆற்றல் ஆரத்தியில் இல்லை, பொரியில் இருக்கிறது. கடவுளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் 200 பேருக்கு 200 பை கட்டியாக வேண்டும். கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டிப் பங்கிடுவதோ, மாடி மாறும்போது சாமான் கட்டுவதோ இதே இலக்கணத்துக்கு இதே அளவு பொருந்தும். எந்த டீமின் இருக்கைப் பகுதி அழகு என்று அலங்காரப் போட்டி வைத்துப் பரிசு அறிவிப்பதே உண்மையான கேடு. அறிவித்த மறுநிமிடம் பக்கத்து டீமின் காகிதத் தோரணம் காணாமல் போகிறது; ஓக்லஹோமாவில் கொடி எரிந்த கதைதான். ஆண்டுக்கு ஒருநாள் செய்தால் போதுமா எனின், போதாது. மிச்ச நாளுக்கு டீ உண்டு. எம்ஐடியின் அலெக்ஸ் பென்ட்லாண்ட் 2012இல் எழுதிய கட்டுரைப்படி, ஒரு வங்கியின் கால் சென்டரில் குழுவினர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை விட்டதும், பின்தங்கிய குழுக்களில் ஓர் அழைப்பை முடிக்கும் சராசரி நேரம் 20 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. நான்கு மணிக்கு எல்லாரும் சேர்ந்து டீக்கடைக்குப் போவதை ‘வேலை நேரத்தில் இருக்கையில் இல்லை’ என்று குறித்துவைக்கும் மேலாளர், தம் குழுவைத் தாமே பிரிக்கிறார்.

ஷெரிப்பின் ஆய்வையே நம்பலாமா என்ற ஐயமும் உண்டு. நியாயமானதே. முந்தைய ஆண்டு, 1953இல், நியூயார்க் மாநிலத்தில் அவர் நடத்திய முகாம் தோற்றது. சிறுவர்கள் சண்டையிட மறுத்ததோடு, நடத்துபவர்கள்தான் மூட்டிவிடுகிறார்கள் என்றும் சந்தேகித்தனர். இத்தோல்வி நம் கோட்பாட்டை முறிக்கவில்லை. வெற்றியைவிட அதிகமாகவே ஆதரிக்கிறது. வலிந்து ஏற்பாடு செய்த விளையாட்டும் குழுவை ஒன்றாக்கத்தான் செய்கிறது, ஏற்பாடு செய்தவருக்கு எதிராக. ரிசார்ட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸின் கடைசி வரிசையில் நிகழும் உரையாடல் இதற்குப் போதிய சான்று. வராதவரை முறைப்பதும் வேண்டாம். பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில், நிறுவனத்தின் கேளிக்கைகளில் கலந்துகொள்ளாத ஊழியரை அதன்பொருட்டு நீக்கியது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பொரிப் பை கட்ட வராதவருக்கும் ஒரு பை உண்டு. அவர் இருக்கையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

ஆகவே எச்ஆர் துறையினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த நிதியாண்டில் ரிசார்ட்டுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பொரிக்கும் டீக்கும் திருப்புக. எஞ்சியதை ஊழியர்களின் போனஸில் சேர்க்கலாம், எவரும் மறுக்கமாட்டார். பிடிக் கணக்கை ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் விடுக. ஃபீட்பேக் படிவம் அனுப்ப வேண்டாம். மேலாளர் அன்று உரையாற்ற விரும்பினால், அவர் கையில் ஒரு கட்டுக் கவரைக் கொடுத்து வாயைப் பிரிக்கச் சொல்லுக.